ஊடாட்டக் கடல் வரைபடங்கள்: கோலார் தங்கவயலிலிருந்து ஒரு பார்வை

கடலின் ஆழம், நீரோட்டம், வெப்பநிலை, கரையின் நகர்வு ஆகியவற்றை இணையத்தில் பெரிதாக்கியும் அடுக்கு மாற்றியும் பார்க்க உதவுபவை ஊடாட்டக் கடல் வரைபடங்கள். கடலறிவு கரையோரத்தாருக்கே உரியது என்ற எண்ணத்தை இவை தளர்த்தியிருக்கின்றன. தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும், கர்நாடகத்திலுள்ள கோலார் தங்கவயல் இதற்குப் பொருத்தமான சான்று. கடல் மட்டத்துக்குச் சுமார் 850 மீட்டர் மேலே இருக்கும் இவ்வூருக்குக் கடல் எதற்கு என்று கேட்கலாம். ஊரின் பாறையே அதற்கு விடை. இங்குள்ள தலையணை வடிவ எரிமலைப் பாறைகள், நீருக்கடியில் வெளிப்பட்டு உறைந்த குழம்பால் ஆனவை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அவற்றைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகப் பேணுகிறது. இவ்வூரில் 2001இல் மூடப்பட்ட தங்கச் சுரங்கங்களில் சாம்பியன் ரீஃப் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. அதன் அடி கடல் மட்டத்துக்கு 2 கிலோமீட்டருக்கும் கீழே. வரைபடத்தில் பாக் நீரிணைமேல் சுட்டியை வைத்தால் பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டர்கூட வராது; வங்காள விரிகுடாவின் சராசரி ஆழமோ ஏறத்தாழ 2,600 மீட்டர். சுரங்கத்தில் பாட்டன் இறங்கிய ஆழத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவருக்கு இந்த எண்கள் உடனே பிடிபடும்.

இவ்வரைபடங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. உலகக் கடல்களின் ஆழத்தை ஒரே வரைபடத் தொகுதியாக்கும் ஜெப்கோ திட்டம், மொனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பெர்ட்டின் ஆதரவில் 1903இல் தொடங்கியது. அப்போது ஈயக்குண்டு கட்டிய கயிறும் கம்பியுமே அளவுகோல். எதிரொலிக் கருவி வந்தபின், 1957இல் மேரி தார்ப்பும் புரூஸ் ஹீசனும் வட அட்லாண்டிக்கின் தரைத்தோற்றத்தை வரைந்தார்கள். 2009 பிப்ரவரியில் கூகுள் எர்த் கடலுக்கடியில் பார்வையை இறக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் இஸ்ரோவின் புவன் என்னும் இணைய வரைபடத் தளம் வந்தது. செயற்கைக்கோள் தரும் வெப்பநிலையையும் பச்சையத்தையும் கொண்டு மீன்பிடி வாய்ப்புள்ள இடங்களை வரைபடமாக்கும் இன்காய்ஸ் என்னும் இந்திய அரசு மையம், 2007இல் சுனாமி முன்னெச்சரிக்கைப் பணியையும் ஏற்றது. அது இயங்குவது கடற்கரை இல்லாத ஹைதராபாத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வரைபடங்களின் வழுவழுப்பான நீலம், அளந்த இடத்தையும் ஊகித்த இடத்தையும் ஒன்றாகக் காட்டி ஏமாற்றுகிறது என்பது வலுவான மறுப்பு. கடல்தரையில் நவீனக் கருவிகளால் அளக்கப்பட்டது நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும். மற்றதில் பெரும்பகுதி செயற்கைக்கோள் உயரமானியிலிருந்து கணித்தது. ஆனால் எந்தக் கட்டம் அளந்தது, எது கணித்தது என்று சொல்லும் தனி அடுக்கையும் ஜெப்கோ வெளியிடுகிறது. வகுப்பறையில் முதலில் திறக்க வேண்டியது அதைத்தான். நீவாடும் (நீரோட்டமும்) காற்றும் பார்த்துத் தொழில் செய்யும் மீனவரின் அறிவைத் திரை ஈடுசெய்யாது என்பதும் உண்மையே. மேகம் மூடினால் பச்சையத்தை அளக்கும் செயற்கைக்கோளுக்குக் கடல் தெரியாது. கரையின் பழைய நகர்வைக் காட்டுவதிலும் திரைக்கு எல்லை உண்டு. சென்னைத் துறைமுகம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தபின் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே திருவொற்றியூர்ப் பக்கம் கரை அரித்தது. இன்றைய படங்களில் அங்கே கல்கொட்டிய தூண்டில் வளைவுகள் தெரிகின்றன. நிலத்தைப் படமெடுக்கும் லேண்ட்சாட் வரிசையோ 1972இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய கரையை அறிய, பழைய கடற்படங்களையும் அங்குள்ள மீனவக் குடும்பங்களின் நினைவையும் இணைய வரைபடத்தோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.