கேளாமலே கிடைக்க வேண்டிய உதவி

லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் கைம்பெண்ணை நாம் அனைவரும் அறிவோம். இறையச்சமற்ற ஒரு நடுவரிடம் ஓயாது முறையிட்டு நீதி பெற்றவள் அவள். அவளது விடாமுயற்சியைப் பல ஆண்டுகள் மறையுரைகளில் புகழ்ந்திருக்கிறேன். அவளுக்காகப் பேச ஒருவரும் இருக்கவில்லை என்பதை மட்டும் நெடுங்காலம் நான் கவனித்ததில்லை. வசதி படைத்தவர் எவரும் அவ்வாறு நாள்தோறும் நடுவரின் வாசலில் நின்றிருக்கமாட்டார்.

நம் நாட்டு நீதிமன்றங்கள் ஏழைக்கு அடியோடு கதவடைத்திருந்தன என்று சொல்வதற்கில்லை. ஆங்கிலேயர் காலத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே, நீதிமன்றக் கட்டணம் செலுத்த வகையற்றவர் தம்மைப் 'பாப்பர்' என மெய்ப்பித்து வழக்குத் தொடுக்க இடமிருந்தது. ஏழ்மையை மெய்ப்பிக்கவே தனியாக ஒரு விசாரணை! 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சொல்லை நீக்கி, 'வறியவர்' என்னும் பொருள்படும் சொல்லை வைத்தது. எனினும் அதுவரை கட்டணத்தில் சலுகை கிடைத்ததேயன்றி, வாதாட ஆள் தருவது அங்கே ஒரு கடமையாகக் கருதப்படவில்லை.

அதே 1976இல், நெருக்கடி நிலையின் நடுவே, அரசியலமைப்பின் 42ஆம் திருத்தம் நிறைவேறியது. குடிமக்களின் உரிமைகளை வெகுவாகச் சுருக்கிய அந்தத் திருத்தத்தில்தான், வறுமையின் காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது, இலவச சட்ட உதவி தரப்பட வேண்டும் என்னும் 39ஏ பிரிவும் நுழைந்தது. வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று இது. ஆனால் அது வழிகாட்டும் நெறியே. அதைக் காட்டி நேரே வழக்காட இயலாது.

நெறிக்கு உயிர் வந்தது 1979இல். அவ்வாண்டு சனவரித் திங்களில், பீகார் சிறைகளின் விசாரணைக் கைதிகளைப் பற்றிக் காவல்துறை உயர் அதிகாரியாயிருந்த ருஸ்தம்ஜி 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழில் எழுதினார். அதைப் படித்த கபிலா ஹிங்கோரானி என்னும் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். உசைனாரா கத்தூன் வழக்கு என்பது அதுவே. சிறையிலிருந்த ஒரு பெண்ணின் பெயர் அது. அங்கே வெளிப்பட்டவை நெஞ்சை உலுக்குபவை. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால்கூடச் சில மாதங்களே தண்டனை பெற்றிருக்கக்கூடியவர்கள் விசாரணையே தொடங்காமல் பல ஆண்டுகள் அடைபட்டிருந்தனர். பிணை கிடைத்தும், பிணைத்தொகைக்கு ஈடுகாட்டச் சொத்தில்லாமல் இருந்தவர் பலர். குற்றமே சாட்டப்படாத பெண்கள், சாட்சிகள் என்பதற்காகவும் வன்முறைக்கு ஆளானவர்கள் என்பதற்காகவும், 'பாதுகாப்பு' என்ற பெயரில் சிறை வைக்கப்பட்டிருந்தனர். 'பாதுகாப்பு' என்ற சொல்லைப் பிறகு எங்கு படித்தாலும் எனக்குச் சற்றுத் தயக்கம் தோன்றும்.

நீதிபதி பகவதி தலைமையிலான அமர்வு, விரைந்த விசாரணையும் இலவச சட்ட உதவியும் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் உள்ளேயே அடங்கியவை என்று தீர்ப்பளித்தது. சலுகை உரிமையாயிற்று. 1980இல், பாகல்பூரில் கண்கள் பறிக்கப்பட்ட கைதிகளின் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் நீதித்துறை நடுவர்முன் முதன்முறை நிறுத்தப்படும்போதே இவ்வுரிமை தொடங்குகிறது என்றது நீதிமன்றம்.

1986இல் வந்த சுக் தாஸ் வழக்கை நான் இவற்றினும் பெரிதாக மதிக்கிறேன். அருணாசலப் பிரதேசத்தில் வழக்கறிஞரின்றி விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றவர் அவர். 'அவர் உதவி கேட்கவில்லையே' என்றது உயர் நீதிமன்றம். தமக்கு உரிமை உண்டு என்றே அறியாதவர் எப்படிக் கேட்பார்? கேட்கவில்லை என்பதற்காக மறுக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது.

1987இல் இயற்றப்பட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்போர் ஆகியோர் வருமானம் பாராமல் இவ்வுதவி பெறலாம். பிறருக்கு வருமான வரம்பு உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழுவும், வட்ட அளவில் வட்ட சட்டப்பணிகள் குழுவும் இயங்குகின்றன. 15100 என்னும் எண்ணிலும் கேட்கலாம். வழக்கு உரிமையியல் ஆனாலும் குற்றவியல் ஆனாலும், வழக்கறிஞரின் ஊதியத்தைக் குழுவே தரும். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொண்டால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அத்தீர்ப்பின்மீது மேல்முறையீடு இல்லையாதலால், கையெழுத்திடுமுன் வாசகத்தை முழுதும் கேட்டறிய வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர், திருவிவிலியத்தின் தாள்களுக்கிடையே பத்திரப்படுத்தியிருந்த நீதிமன்ற அழைப்பாணையைக் கொண்டுவந்தார். கணவரின் உடன்பிறந்தார் தொடுத்த வீட்டு வழக்கு. குறித்த நாளில் இவர் செல்லாததால் ஒருதலைத் தீர்ப்பாகி மூன்று வாரங்கள் கடந்திருந்தன.

"ஏன் முன்பே சொல்லவில்லை அம்மா?" என்றேன்.

"வக்கீலுக்குக் கொடுக்க என்கிட்ட என்ன சாமி இருக்கு?" என்றார்.

தீர்ப்பை நீக்கக் கோர முப்பது நாள்தான் அவகாசம். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் வட்டக் குழுவின் அலுவலகத்துக்குச் சென்றோம். ஒரு வெள்ளைத் தாளில் எழுதிய விண்ணப்பமும் அடையாள அட்டையுமே அங்கே தேவைப்பட்டன. அமர்த்தப்பட்ட இளம் வழக்கறிஞர் நாள் தவறாமல் மனுவைத் தாக்கல் செய்தார், தீர்ப்பு நீக்கப்பட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. அடுத்த வாய்தா நாளை அந்த அம்மா தம் வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.