மேற்கிந்தியத் தீவுகள் அணியின் இந்தியச் சுற்றுப்பயண முறிவு (2014)

மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணி 2014 ஒக்டோபரில் மேற்கொண்ட இந்தியச் சுற்றுப்பயணம் சம்பளத் தகராறு ஒன்றினால் பாதியில் முறிந்தது. ஐந்து ஒருநாள் போட்டிகள், ஓர் இருபது ஓவர் போட்டி, மூன்று டெஸ்ட் போட்டிகள் என்று வகுக்கப்பட்ட நிகழ்ச்சிநிரலில் மூன்று ஒருநாள் போட்டிகள் மட்டுமே ஆடப்பட்டன. வெற்றிடத்தை நிரப்ப அவசரமாக அழைக்கப்பட்டது இலங்கை அணி. ஆகவே இது இலங்கைக் கிரிக்கெட் வரலாற்றுக்கும் உரிய நிகழ்வு. நட்சத்திர வீரர்களின் பணத்தாசை என்றே இதைப் பலரும் சுருக்கிச் சொல்வர். பணம் இதில் இருந்தது உண்மை. ஆனால் நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால், எவ்வளவு சம்பளம் என்ற கேள்விக்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது: வீரர்களின் பேரில் கையெழுத்திடும் அதிகாரத்தை ஒரு சங்கம் யாரிடமிருந்து பெறுகிறது?

பின்னணி

2014 செப்டெம்பரில் மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் சபையும் வீரர்கள் சங்கமும் புதிய கூட்டு ஒப்பந்தத்துக்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டன. சபையின் தலைவர் டேவ் கெமரன். சங்கத்தின் தலைவர் முன்னாள் தொடக்க ஆட்டக்காரர் வேவல் ஹைண்ட்ஸ். உள்ளூர் கிரிக்கெட்டைத் தொழில்முறைக்குக் கொண்டுவருவதே உடன்பாட்டின் நோக்கம். ஆறு அணிகளுக்குத் தலா 15 பேர் வீதம் 90 வீரர்களுக்கு நிரந்தர ஒப்பந்தம் வழங்கப்படவிருந்தது. அதற்கான பணத்தில் ஒரு பகுதி தேசிய அணியிடமிருந்து வந்தது: விளம்பர ஆதரவு வருமானத்திலிருந்து ஆட்ட நாளொன்றுக்கு அணிக்குக் கிடைத்துவந்த 35,000 அமெரிக்க டொலர் கைவிடப்பட்டது. தங்கள் வருமானம் 75 வீதம் வரை குறையும் என்று வீரர்கள் கணக்கிட்டனர். அந்தக் கணக்கு மிகை என்றது சபை. இரண்டில் எது சரி என்பதைவிட, அந்தக் கணக்கை வீரர்கள் எப்போது போட்டார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. கையெழுத்து முடிந்து, அவர்கள் இந்தியா வந்து சேர்ந்து, புதிய நிபந்தனைகளைக் கையில் வாங்கிய பிறகுதான் அந்தக் கணக்குப் பிறந்தது.

முறிவு

கொச்சியில் ஒக்டோபர் 8ஆம் திகதி நடக்கவிருந்த முதல் போட்டிக்கு முன்னைய நாள் அணி பயிற்சிக்கு வரவில்லை. ஆனாலும் மறுநாள் ஆடி 124 ஓட்டங்களால் வென்றது. மார்லன் சாமுவேல்ஸ் ஆட்டமிழக்காமல் 126 எடுத்தார். டெல்லியில் இந்தியா வென்றது. விசாகப்பட்டினப் போட்டியை ஹூட்ஹூட் புயல் பறித்துக்கொண்டது. 17ஆம் திகதி தர்மசாலாவில் நாணயச் சுழற்சிக்குத் தலைவர் டுவைன் பிராவோ தனியே வரவில்லை. முழு அணியும் அவர் பின்னால் வந்து நின்றது. பேச்சாளர் ஒருவருக்குப் பின்னால் ஆட்களை நிறுத்தி, இவர்தான் எங்கள் பிரதிநிதி என்று எல்லார் கண்ணெதிரிலும் காட்டிய செயல் அது. இந்த நாட்களில் பிராவோ எழுதிய கடிதங்கள் முதலில் சென்றது சங்கத் தலைவருக்கு. அவர் பதவி விலக வேண்டும், எங்களுக்காக இனிச் சங்கம் பேசக்கூடாது என்பவை வீரர்களின் கோரிக்கைகளுள் இருந்தன. வெறும் சம்பளச் சண்டையாக இருந்திருந்தால் சங்கத்தை முன்னால் விட்டுச் சபையோடு மோதியிருப்பார்கள். இங்கே சங்கமும் சபையும் ஒரே பக்கத்தில் நிற்க, வீரர்கள் எதிரே நின்றார்கள். தர்மசாலாப் போட்டியோடு சுற்றுப்பயணம் நின்றது. நிறுத்தியது யார் என்பதில் வீரர்களும் சபையும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை.

ஒப்பீடு

இதற்கு 20 ஆண்டுகள் முன்னால் நடந்த அமெரிக்க பேஸ்போல் வேலைநிறுத்தத்தை அருகில் வைத்தால் வேறுபாடு புலப்படும். 1994 ஓகஸ்ட் 12ஆம் திகதி தொடங்கி 232 நாட்கள் நீடித்த அந்தப் போராட்டத்தின் பொருள், அணிகளின் சம்பளச் செலவுக்கு உச்சவரம்பு வைக்கும் முதலாளிகளின் திட்டம். வீரர்கள் சங்கம் ஒரே குரலில் பேசியது. அதன் அதிகாரத்தை உறுப்பினர் கேள்விக்குட்படுத்தவில்லை. 1904க்குப் பிறகு முதல் தடவையாக உலகத் தொடர் நடக்கவில்லை. 74 வெற்றி, 40 தோல்வியோடு எல்லா அணிகளிலும் முன்னிலையில் இருந்த மொன்றியல் எக்ஸ்போஸ் அந்தப் பருவத்தை முடிக்க முடியாமல் போனது. இழப்பு மிகப் பெரியது. ஆனாலும் எதிர்த்தரப்பில் யாருடன் பேசினால் முடிவு கிடைக்கும் என்பது முதலாளிகளுக்குத் தெரிந்திருந்தது. 2014 ஒக்டோபரில் அந்தத் தெளிவே இல்லை. கையெழுத்திட்டவருக்கு அணி கட்டுப்படவில்லை. அணி கட்டுப்பட்டவரோடு பேசச் சபை முன்வரவில்லை.

கிரிக்கெட்டின் பிற தகராறுகளும் இதையே சொல்கின்றன. 2009இல் மேற்கிந்தியத் தீவுகளின் முன்னணி வீரர்கள் பங்களாதேஷுக்கு எதிரான உள்நாட்டுத் தொடரைப் புறக்கணித்தபோது சங்கம் அவர்கள் பக்கம் நின்றது. ஃப்ளொய்ட் ரீஃபர் தலைமையில் மாற்று அணி ஆடித் தோற்றது. 2019 ஒக்டோபரில் பங்களாதேஷ் வீரர்கள் ஷகிப் அல் ஹசன் தலைமையில் பணிப்புறக்கணிப்பு அறிவித்தபோது, முன்வைத்த கோரிக்கைகளுள் ஒன்று தங்கள் நலன்புரிச் சங்க நிர்வாகிகள் விலக வேண்டும், பிரதிநிதிகளை வீரர்களே தெரிவு செய்ய வேண்டும் என்பது. இலங்கையில் 2013 மார்ச்சில் 23 வீரர்களும் 2021இல் தேசிய அணியினரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடத் தயங்கினர். 2021இல் புதிய தரப்படுத்தல் முறையில் புள்ளிகள் எப்படி வழங்கப்பட்டன என்ற விளக்கத்தைக் கேட்டு, வீரர்கள் சார்பில் பேசியவர் ஒரு சட்டத்தரணி. கூட்டாகப் பேரம் பேசும் பலமான அமைப்பு இல்லாத இடத்தில் ஒவ்வொரு ஒப்பந்தமும் தனித்தனி நெருக்கடியாகிறது என்பதற்கு அது சான்று.

மறுப்புகள்

இந்த வாசிப்புக்கு மூன்று மறுப்புகள் எழுகின்றன. முதலாவது, ஐ.பி.எல். பணத்தில் செழித்தவர்கள் உள்ளூர் வீரர்களோடு பங்கிட மறுத்தார்கள் என்பது. இதில் நியாயம் உண்டு. 90 பேருக்கு மாதச் சம்பளம் கிடைக்கும் திட்டம் நல்ல திட்டமே. சங்கத்தின் பெரும்பான்மை உறுப்பினருக்கு அதனால் ஆதாயம். ஆனால் சிலரின் வருமானத்தை எடுத்துப் பலருக்குக் கொடுக்கும் முடிவுக்குத்தான் அந்தச் சிலரிடம் முன்கூட்டிப் பேசவேண்டிய கடமை கூடுதலாக இருக்கிறது. பேசிய பிறகு வாக்கில் தோற்றிருந்தால் பிராவோவின் வழக்கு வலுவிழந்திருக்கும். இலங்கை மலையகத்தில் இதே சிக்கல் நன்கு தெரிந்தது. 1,000 ரூபா நாட்சம்பளம் கேட்டுத் தொழிலாளர் போராடிக்கொண்டிருக்க, 2019 ஜனவரியில் 700 ரூபா அடிப்படைச் சம்பளத்துக்குத் தொழிற்சங்கங்கள் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அப்போது எழுந்த கோபத்தில் பாதி கம்பனிகளை நோக்கியது. மறுபாதி கையெழுத்திட்டவர்களை நோக்கியது. தோட்டத் தொழிலாளியின் வறுமையும் கிரிக்கெட் வீரரின் வசதியும் ஒப்பிடத்தக்கவையல்ல. ஆனால் உறுப்பினரைக் கேளாமல் உறுப்பினருக்காக ஒப்புக்கொள்வது இரண்டு இடத்திலும் ஒரே விளைவைத் தந்தது.

இரண்டாவது மறுப்பு, சண்டைக்குச் சம்பந்தமில்லாத மூன்றாம் தரப்பு பாதிக்கப்பட்டது என்பது. இது மறுக்க முடியாதது. கொல்கத்தா, கட்டாக் போட்டிகளும் மூன்று டெஸ்ட் போட்டிகளும் இல்லாமற்போயின. இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை 4 கோடி 19 இலட்சத்து 70 ஆயிரம் டொலர் இழப்பீடு கோரியது; இருதரப்புச் சுற்றுப்பயணங்களையும் இடைநிறுத்தியது. ஆனால் இந்தப் பழியை வீரர்கள் தலையில் மட்டும் கட்டுவது பொருந்தாது. கொச்சியிலேயே எச்சரிக்கை வந்துவிட்டது. தர்மசாலாவுக்கு இடையில் இருந்த ஒன்பது நாட்களில், பழைய நிபந்தனைகளில் சுற்றுப்பயணத்தை முடித்துவிட்டுப் பிறகு பேசலாம் என்ற தற்காலிக ஏற்பாட்டுக்குக்கூட வழி பிறக்கவில்லை.

மூன்றாவது மறுப்பே கடினமானது: வேலைநிறுத்தம் பலிக்கவில்லை, ஆட்களை மாற்றினால் வேலை நடக்கும் என்று அது நிரூபித்துவிட்டது என்பர். திருகோணமலை வாசகருக்கு இந்த வாதம் புதிதல்ல. அங்குள்ள சீனக்குடா எண்ணெய்க் குதங்களை இந்தியாவுக்கு வழங்குவதை எதிர்த்தும் பிற கோரிக்கைகளை முன்வைத்தும் 2017 ஜூலையில் பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அரசாங்கம் இராணுவத்தை இறக்கி எரிபொருள் விநியோகத்தைத் தொடங்கியது. கிரிக்கெட்டில் அந்த மாற்று ஆளாக வந்தது இலங்கை. எஞ்சலோ மத்யூஸ் தலைமையிலான அணி போதிய ஆயத்தமின்றி வந்து ஐந்து போட்டிகளிலும் தோற்றது. நவம்பர் 13ஆம் திகதி ஈடன் கார்டன்ஸில் ரோஹித் ஷர்மா 264 ஓட்டங்கள் குவித்து உலக சாதனை படைத்தார். அரங்கு நிறைந்தது, ஒளிபரப்பு நடந்தது. இந்தியச் சபையின் நோக்கில் மாற்று ஏற்பாடு பலித்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தகராறு கரீபியனில் அப்படியே கிடந்தது. இடத்தை நிரப்புவது ஒன்று, சிக்கலைத் தீர்ப்பது வேறொன்று.

விளைவுகள்

பிராவோவும் கீரன் பொலார்டும் 2015 உலகக் கிண்ண அணியில் சேர்க்கப்படவில்லை. 23 வயது ஜேசன் ஹோல்டர் ஒருநாள் அணியின் தலைவரானார். கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பு நியமித்த, யூடின் பரிட்டோ தலைமையிலான குழு 2015இல் கிரிக்கெட் சபையையே கலைக்கப் பரிந்துரைத்தது, சபை இணங்கவில்லை. 2016 இருபது ஓவர் உலகக் கிண்ணத்துக்கு முன்னரும் சம்பளத் தகராறு கிளம்பியது. அந்தக் கிண்ணத்தை ஈடன் கார்டன்ஸில் வென்ற இரவிலேயே தலைவர் டரன் சமி சபையை வெளிப்படையாகக் குறைகூறினார். அதே ஆண்டு இந்திய அணி கரீபியனுக்குச் சென்று நான்கு டெஸ்ட் போட்டித் தொடரை ஆட, இரு சபைகளின் உறவு வழமைக்குத் திரும்பியது. சபைகளுக்கிடையிலான பணச் சிக்கல் இரண்டு ஆண்டுகளில் தணிந்தது. வீரர்களுக்கும் அவர்கள் பேரில் பேசுவோருக்கும் இடையிலான பிளவு அவ்வளவு விரைவில் ஆறவில்லை. எனவே 2014 முறிவைச் சம்பள வேலைநிறுத்தங்களின் பட்டியலில் மட்டும் சேர்ப்பது போதாது. ஒப்புதல் பெறாத கூட்டு ஒப்பந்தம், அதன் உள்ளடக்கம் எவ்வளவு நல்லதாயினும், நடைமுறைக்கு வரும் முதல் நாளிலேயே உடையக்கூடும் என்பதற்கு விளையாட்டுத் துறை தந்த மிகத் தெளிவான உதாரணமாக அதைக் கொள்வதே பொருத்தம்.