மூலிகைக் கருத்தடை (பெண்களுக்கானது)

தாவரச் சாறு, விதை, வேர் ஆகியவற்றைக் கொண்டு பெண் கருத்தரிப்பதைத் தற்காலிகமாகத் தடுக்க முயலும் முறை மூலிகைக் கருத்தடை எனப்படும். மருந்தை நிறுத்தியதும் பழையபடி கரு உண்டாக வேண்டும்; அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு எந்தக் குறையும் நேரக்கூடாது. இந்த இரண்டும் நிரூபணமாகாத ஒன்றை மீளக்கூடிய கருத்தடை என்று சொல்வது தவறு. இந்திய ஆய்வுகள் பலவும் தடுக்கி நின்றது இந்த இடத்தில்தான்.

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தின் உப்பளங்களைத் தாண்டினால் மணல் மேடுகளில் எருக்கு வளர்கிறது. சாம்பல் பூத்த தடித்த இலையைக் கிள்ளினால் வெண்பால் சொட்டும். இதே எருக்கின் வேரை லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் பெண் எலிகளிடம் சோதித்து, முடிவுகளை 2007இல் வெளியிட்டது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் வீதம் வேரின் எத்தனால் சாற்றைக் கொடுத்தபோது எலிகளுக்குக் கரு தங்கவே இல்லை.

இத்தகைய சோதனைக்கு ஒரு முறை உண்டு. ஆண் எலியோடு விட்ட பெண் எலியின் யோனிக் கசிவைக் காலையில் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். விந்தணு தென்பட்டால் அதுவே முதல் நாள். அன்றிலிருந்து சில நாள் சாற்றைப் புகட்டி, பத்தாம் நாளையொட்டி வயிற்றைத் திறந்து, கருப்பையில் எத்தனை இடங்களில் கரு பதிந்திருக்கிறது என்று எண்ணுவார்கள். அடுத்த கட்டத்தில் மருந்தை நிறுத்தி மறுபடி இணைசேர்த்து, பிறக்கும் குட்டிகளைப் பரிசோதிக்க வேண்டும். கட்டுரைகள் பலவற்றில் முதல் பாதி விரிவாக இருக்கும். இரண்டாம் பாதி சில வரிகளோடு முடிந்துவிடும்.

எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் கிளைகோசைடு நச்சுகள் இருக்கின்றன. எருக்கம்பால் தடவிய குச்சியால் கருக்கலைக்க முயன்று பெண்கள் இறந்ததை இந்தியத் தடயவியல் மருத்துவ நூல்கள் பதிவுசெய்கின்றன. ஆய்வகத்தில் அளந்து வடித்த சாறு வேறு, அடுப்பில் காய்ச்சிய கஷாயம் வேறு.

ஈசுரமூலி என்ற மூலிகையின் கதை இன்னும் கசப்பானது. 1970களில் கல்கத்தா ஆய்வாளர்கள் இதன் வேர்ச்சாறு சுண்டெலிகளில் கருத்தரிப்பைத் தடுப்பதாக அறிவித்தபோது பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் இந்தத் தாவரக் குடும்பத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய, இந்த அமிலம் கலந்த மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலர் சிறுநீரகம் பழுதாகித் தவித்த பிறகே உலகம் இதை உணர்ந்தது.

திப்பிலி, வாய்விடங்கம், வெங்காரம் மூன்றும் சேர்ந்த பிப்பல்யாதி என்ற ஆயுர்வேதக் கலவை இந்தியாவில் பெண்களிடமே சோதிக்கப்பட்டது. இதை உண்ட எலிகளின் கருக்கள் எடை குறைந்திருந்ததாகவும், சிலவற்றில் குடல் தொப்புள்கொடிக்குள் பிதுங்கியிருந்ததாகவும் 2001இல் ஓர் ஆய்வு காட்டியது. மருந்து பலிக்காமல் கரு தங்கிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை கிடைக்காது. 1950களில் கல்கத்தாவில் பட்டாணியிலிருந்து பிரித்த பொருளும் பெண்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டது. நம்பத்தக்க பாதுகாப்பை அது தரவில்லை.

தாவரம் உண்மையில் கைகொடுத்தது வேறு வழியில். மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கில் இருந்த டயோஸ்ஜெனினிலிருந்து 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் புரொஜெஸ்டிரோன் தயாரித்தார். கருத்தடை மாத்திரைக்கு வழி திறந்தது அதுதான். கிழங்கு மூலப்பொருளாக மட்டுமே இருந்தது. மருந்து ஆனது வேதியியலால்.

எருக்கைச் சோதித்த அதே லக்னோ நிலையம் உருவாக்கிய சென்ட்குரோமான் என்ற கருத்தடை மாத்திரை மூலிகை அன்று, ஹார்மோனும் அன்று. 1991இல் ‘சஹேலி’ என்ற பெயரில் கடைகளுக்கு வந்தது. 2016இல் தேசியக் குடும்பநலத் திட்டத்தில் சேர்க்கப்பட்டு, ‘சாயா’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு மாத்திரை, பிறகு வாரம் ஒன்று. அண்மையில் மஞ்சள்காமாலை வந்தவர்களும் சினைப்பையில் நீர்க்கட்டி உள்ளவர்களும் இதைச் சாப்பிடக் கூடாது. தொடங்கும் முன் மருத்துவரையோ கிராம சுகாதார செவிலியரையோ கேட்டுக்கொள்ளுங்கள்.