நடுவர் இல்லாத ஆட்டம்: கெடா மின்கம்பிகள் சொல்லும் வரலாறு

பெண்டாங் முதல் கூலிம் வரை கெடாவின் பல தோட்டங்களில் ஒரு காலத்தில் மின்சாரம் என்றால் அது நிர்வாகத்தின் ஜெனரேட்டர்தான். மாலையில் ஓடத் தொடங்கும், இரவில் குறித்த நேரத்தில் நின்றுவிடும். அதன்பின் லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்குதான். கொடுப்பவரும் ஒருவரே, விதி வகுப்பவரும் அவரே.

பட்டணங்களிலும் நிலைமை பெரிதாக மாறுபட்டிருக்கவில்லை. அலோர்ஸ்டார், சுங்கைப்பட்டாணி, கூலிம் போன்ற ஊர்களுக்கு ஹட்டன்பாக் என்னும் தனியார் நிறுவனம் மின்சாரம் விநியோகித்தது. தனியார் என்பதால் அங்கே போட்டி இருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ஓர் ஊருக்கு ஒரு நிறுவனம். அதை விட்டால் வேறு வழியில்லை.

1949 செப்டம்பர் 1-இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. 1965-இல் அது தேசிய மின்சார வாரியம் என்று பெயர் மாறியது. சிதறிக் கிடந்த விநியோகம் படிப்படியாக அரசின் ஒரே குடையின் கீழ் வந்தது. கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் கம்பி இழுக்கும் பணி இலாபக் கணக்கை மட்டும் பார்த்து நடக்கக்கூடியது அல்ல. அந்தப் பணியைப் பொது வாரியமே முன்னெடுத்தது.

1990 செப்டம்பர் 1-இல் வாரியம் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது. அப்போது எரிசக்தி, தொலைத்தொடர்பு, அஞ்சல் அமைச்சராக இருந்தவர் டத்தோ ச. சாமிவேலு. 1992 செப்டம்பர் 29-இல் தீபகற்பம் முழுவதும் இருளில் மூழ்கியது. மின் உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. 1993-இல் முதல் தனியார் மின் உற்பத்தியாளருக்கு உரிமம் வழங்கப்பட்டது. பாக்காவிலும் பாசிர் கூடாங்கிலும் வொய்டிஎல் நிலையங்கள் எழுந்தன.

கதவு திறந்தது உண்மை. ஆனால் அந்த முதல் ஒப்பந்தங்கள் திறந்த ஏலத்தில் அல்ல, பேச்சுவார்த்தையில் முடிவானவை. தெனாகா மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் நிலையத்தின் கொள்ளளவுக்குப் பணம் தர வேண்டும். நிபந்தனைகள் உற்பத்தியாளருக்கே சாதகமானவை என்று தெனாகாவின் அன்றைய நிர்வாகத் தலைவர் ஆனி அரோப் பின்னாளில் வெளிப்படையாகவே கூறினார். 1997-இல் நிதி நெருக்கடி வந்து மின் தேவையின் வளர்ச்சி குறைந்தபோது அந்தச் சுமை கனத்தது.

இவற்றையெல்லாம் மேற்பார்வையிட வேண்டிய எரிசக்தி ஆணையம் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் பிறந்தது. ஆட்டம் தொடங்கி எட்டு ஆண்டுகள் கழித்து நடுவர் வந்ததுபோல்தான் இது. 2012-இல் பிறை மின் நிலையத்துக்கு ஆணையம் போட்டி ஏலம் நடத்தியது. யார் குறைந்த விலைக்குத் தருவார் என்ற கேள்வி அப்போதுதான் முறையாகக் கேட்கப்பட்டது.

இதே காலத்தில், பெண்டாங்கிற்குத் தெற்கே உள்ள குருணில் வேறொரு பாடம் எழுதப்பட்டது. குருணிலிருந்து தாய்லாந்தின் சொங்க்லா மாநிலத்துக்கு 110 கிலோமீட்டர் நீளத்தில், 300 மெகாவாட் திறனுள்ள நேர்மின் இணைப்பு 2000-களின் தொடக்கத்தில் செயல்படத் தொடங்கியது. வழக்கமான மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி அனுப்பி, மறுமுனையில் திரும்பவும் மாற்றிக்கொள்கிறார்கள். எவ்வளவு அனுப்புவது என்பதைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தலாம். ஒரு நாட்டின் கோளாறு மறு நாட்டுக்குப் பரவாமலும் தடுக்கலாம்.

2018-இல் லாவோஸின் மின்சாரம் தாய்லாந்து வழியாக மலேசியாவுக்கு வந்தது. 2022 ஜூன் 23 முதல் 100 மெகாவாட் வரை சிங்கப்பூருக்கும் சென்றது. யார் விற்பது, யார் வாங்குவது, இடையில் கம்பி தரும் நாட்டுக்கு என்ன கட்டணம் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டன. மொழியும் சட்டமும் வேறான நான்கு நாடுகள் வியாபாரம் செய்ய முடிந்ததற்கு அதுவே காரணம். 2024-இல் மலேசியா பசுமை மின்சாரத்தை எல்லை தாண்டி ஏலத்தில் விற்க எனெஜெம் என்னும் சந்தையைத் தொடங்கியது. அதே ஆண்டில், நாட்டுக்குள் பெரிய நிறுவனங்கள் தெனாகாவின் கம்பி வழியாகவே வேறு உற்பத்தியாளரிடம் பசுமை மின்சாரம் வாங்கவும் வழி பிறந்தது.

ஆனால் பெண்டாங்கில் உள்ள ஒரு வீட்டுப் பயனீட்டாளருக்கு இன்றும் விற்பனையாளர் தெனாகா ஒன்றுதான். சில்லறை விற்பனையையும் திறந்துவிடும் திட்டம் 2019-இல் அறிவிக்கப்பட்டது. 2020-இல் ஆட்சி மாறியதும் அது மறு ஆய்வுக்குப் போனது.

அத்திட்டம் மீண்டும் வரலாம். வரும்போது பயனீட்டாளர் சங்கங்களும் தோட்டப்புற மக்களின் பிரதிநிதிகளும் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இலாபம் தராத கடைக்கோடி வீட்டுக்கு யார் மின்சாரம் தருவார்? ஒப்பந்தம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுமா? தவறு நடந்தால் தட்டிக்கேட்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்குமா? 1993-இல் இக்கேள்விகள் உரக்கக் கேட்கப்படவில்லை. அதன் செலவு சுற்றி வளைத்து மக்கள் தலையில்தான் வந்து விழுந்தது.