வயசு 29... பார்த்தா 19? தோற்றமும் வயதும் ஏன் ஒத்துப்போவதில்லை?

வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழி. இரவு 10.30 மணிக்குள் கடைக்குள் நுழைந்து ஒரு பீர் எடுக்கிறீர்கள். உங்களுக்கு வயது 29. கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார்.

"ஐசி இருக்கா?"

அதே வாரம் உங்கள் தோழி மின்தூக்கியில் ஏறுகிறார். அவருக்கும் 29தான். பள்ளிச் சீருடையில் நிற்கும் பையன் மரியாதையாகக் கேட்கிறான்: "ஆன்ட்டி, எத்தனாவது மாடி?"

ஒரே வயது. ஒருவரைப் பார்த்தால் தம்பி, இன்னொருவரைப் பார்த்தால் ஆன்ட்டி. ஏன் இப்படி? அதைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டுமா?

முகத்தில் என்னதான் நடக்கிறது?

நம் தோலை இறுக்கமாகப் பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். இழுத்தால் மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப உதவுவது எலாஸ்டின். இருபதுகளிலிருந்தே உடல் இவற்றைத் தயாரிப்பது மெல்லக் குறையத் தொடங்கும். அதனால்தான் சுருக்கம், தொய்வு.

தோல் மட்டுமல்ல. கன்னத்தில் உள்ள கொழுப்பு குறைகிறது, இடம் மாறுகிறது. முக எலும்பும் வயதாக ஆக வடிவம் மாறும். கண்ணைச் சுற்றிய குழி சற்று அகலமாகும், தாடை எலும்பு சற்றுக் குறையும்.

இந்த மாற்றம் எல்லாருக்கும் வரும். ஆனால் ஒரே வேகத்தில் வராது. அந்த வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் எவை?

முதல் சந்தேக நபர்: வெயில்

2012ஆம் ஆண்டு மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் 69 வயது ஆடவரின் படம் வெளியானது. அவர் 28 ஆண்டுகளாக அமெரிக்காவில் விநியோக லாரி ஓட்டியவர். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். அவர் முகத்தின் இடப்பக்கத்தில் மட்டும் தோல் தடித்து, ஆழமான சுருக்கங்கள் விழுந்திருந்தன. வலப்பக்கம் பல ஆண்டுகள் இளமையாகத் தெரிந்தது.

ஒரே மனிதர், ஒரே மரபணு, ஒரே உணவு. வித்தியாசம் சன்னல் வழியாக வந்த வெயில் மட்டுமே.

புற ஊதாக் கதிர்களில் யுவிஏ என்ற வகை, சாதாரணக் கண்ணாடியையும் தாண்டி உள்ளே வரும். தோலின் ஆழத்துக்குப் போய்க் கொலாஜனைச் சிதைக்கும். உடம்பு சுடாது, எரியாது. அதனால் நமக்குத் தெரியவே தெரியாது.

சிங்கப்பூரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். நாமோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நண்பகலை ஒட்டிய நேரத்தில் இங்கே புற ஊதாக் கதிர்க் குறியீடு 'மிக அதிகம்' என்ற நிலையை அடிக்கடி தொடும். சில நாள்களில் 11ஐயும் தாண்டிவிடும். அன்றைய அளவைத் தேசியச் சுற்றுப்புற அமைப்பின் இணையப்பக்கத்தில் மணிக்கு மணி பார்க்கலாம்.

"நம்ம நிறத்துக்கு வெயில் ஒண்ணும் செய்யாது"... உண்மையா?

பாதி உண்மை.

கருமையான தோலில் மெலனின் அதிகம். அது ஓரளவு இயற்கையான குடைபோல. அதனால் வெளிறிய தோல் கொண்டவர்களைவிட நமக்குச் சுருக்கம் தாமதமாகவே வரும்.

ஆனால் வெயிலின் அடையாளம் நம் தோலில் வேறு விதமாகத் தெரியும். கன்னத்தில் கரும்படலம், நெற்றியில் திட்டுத் திட்டான நிறமாற்றம், கண்ணுக்குக் கீழே கருமை. சுருக்கமே இல்லாவிட்டாலும், நிறம் சீராக இல்லாத முகத்தைப் பார்ப்பவர்கள் வயது கூடியதாகவே கணக்கிடுவார்கள்.

அந்தக் கருமையைப் போக்குகிறேன் என்று இணையத்தில் கிடைக்கும் 'வெள்ளையாக்கும்' கிரீம்களைத் தடவுவதில் ஆபத்து உண்டு. அத்தகைய சில பொருள்களில் பாதரசமும் ஸ்டீராய்டும் கலந்திருப்பதாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்திருக்கிறது. ஸ்டீராய்டை நீண்ட நாள் தடவினால் தோல் மெலிந்துபோகும். இளமையாகத் தெரிய வாங்கியது, தோலை இன்னும் பழசாக்கிவிடும்!

வேறு என்னென்ன காரணம்?

- புகைபிடித்தல்: தோலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும். கொலாஜன் வேகமாகச் சிதையும். உதட்டைச் சுற்றிக் கோடுகள் விழும்.

- தூக்கம்: ஒரே ஒரு இரவு சரியாகத் தூங்காவிட்டாலே பார்ப்பவர்கள் 'களைத்த முகம்' என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நல்ல செய்தி, இது நன்றாகத் தூங்கினால் சரியாகிவிடும்.

- எடை: இது கொஞ்சம் வேடிக்கையானது. 2009இல் இரட்டையர்களை ஒப்பிட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், 40 வயதுக்குக் கீழ் இருப்போரில் எடை கூடியவர் மூத்தவராகத் தெரிந்தார். 40ஐத் தாண்டியவர்களில் நிலைமை தலைகீழ். சற்றுப் பூசினாற்போல் இருந்தவரே இளமையாகத் தெரிந்தார். கன்னத்தில் கொழுப்பு நிரம்பியிருந்தால் சுருக்கம் தெரியாது, அதுதான் காரணம்.

- மரபணு: "எங்க அம்மா குடும்பத்துல யாருக்கும் வயசே தெரியாது" என்று சொல்வோர் உண்டு. அதில் விஷயம் இருக்கிறது. நெதர்லந்தில் முதியோரிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு, எம்சி1ஆர் என்ற மரபணுவின் சில வகைகளைக் கொண்டவர்கள் சராசரியாக இரண்டு வயதுவரை மூத்தவர்களாகத் தெரிவதாகக் கண்டறிந்தது. சிவப்பு முடியோடு தொடர்புடைய அதே மரபணுதான்.

- நரை: முடிக்கு நிறம் தரும் உயிரணுக்கள் வேலையை நிறுத்தினால் நரை. ஆசியர்களுக்கு 25 வயதுக்கு முன் நரைத்தால் அதை இளநரை என்கிறார்கள். பெரும்பாலும் குடும்ப வழி. சிலருக்கு வைட்டமின் பி12 குறைபாடோ தைராய்டு பிரச்சினையோ காரணமாக இருக்கலாம். அதனால் திடீரென அதிகமாக நரைத்தால் சாயம் வாங்குவதற்கு முன் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

தப்பு பார்ப்பவர் கண்ணிலும் இருக்கலாம்!

வயதை ஊகிப்பதில் நாம் ஒன்றும் அவ்வளவு கெட்டிக்காரர்கள் இல்லை.

நம் வயதை ஒட்டியவர்களின் வயதைத்தான் நாம் ஓரளவு சரியாகச் சொல்வோம். பதின்ம வயதுப் பையனுக்கு 25ஐத் தாண்டிய எல்லாரும் 'அங்கிள்'. எழுபது வயதுப் பாட்டிக்கு 35 வயதுக்காரரும் 'சின்னப் பிள்ளை'. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

இன்னொரு ஆச்சரியம் புன்னகை. சிரித்தால் இளமையாகத் தெரிவோம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். இஸ்ரேலியக் கனடிய ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. ஒரே நபரின் சிரிக்கும் படத்தையும் சிரிக்காத படத்தையும் காட்டியபோது, சிரிக்கும் படத்துக்குத்தான் மக்கள் கூடுதல் வயது சொன்னார்கள். சிரிக்கும்போது கண் ஓரத்தில் விழும் கோடுகளே காரணம். ஆனால் பிறகு கேட்டால், "சிரித்தவர்களுக்குக் குறைந்த வயதுதான் சொன்னோம்" என்றே நினைவுகூர்ந்தார்களாம்!

அதற்காகச் சிரிப்பதை நிறுத்த வேண்டாம். ஓரிரண்டு வயது கூடினால் கூடட்டும்.

தோற்றம் உடல்நிலையைக் காட்டுமா?

ஓரளவு காட்டலாம்.

டென்மார்க்கில் 70 வயதைத் தாண்டிய 1,826 இரட்டையர்களின் படங்களைப் பார்த்து அவர்களுடைய வயதை ஊகிக்கும்படி சிலரிடம் கேட்டார்கள். பிறகு பல ஆண்டுகள் அந்த இரட்டையர்களைக் கவனித்தார்கள். 2009இல் முடிவு வெளியானது. ஒரு ஜோடியில் மூத்தவராகத் தெரிந்தவரே முதலில் இறக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. தோற்றத்தில் வித்தியாசம் கூடக் கூட, அந்த வாய்ப்பும் கூடியது.

பயப்பட வேண்டாம். அது முதியவர்களைப் பற்றிய ஆய்வு. 22 வயதில் நெற்றிக் கோடு இருப்பவருக்கு அது எதையும் சொல்லாது. ஆனால் அப்பாவோ பாட்டியோ சில மாதத்துக்குள் திடீரென வயதாகிவிட்டதுபோல் தெரிந்தால், "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். எடை குறைந்திருக்கிறதா, சரியாகச் சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா, மனம் சோர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

சிங்கப்பூரில் முகம் அல்ல, பிறந்த தேதிதான் பேசும்

எத்தனை இளமையாகத் தெரிந்தாலும் சட்டத்துக்குக் கணக்கு ஒன்றுதான்.

- 15 வயது: அடையாள அட்டைக்குப் பதிந்துகொள்ள வேண்டும். 30 வயதிலும் 55 வயதிலும் மறுபடியும் பதிய வேண்டும். அதனால் 29 வயதுக்காரர் நீட்டும் அட்டையில் பள்ளிக்கூடத்துப் பையன் படம் இருப்பதில் ஆச்சரியமில்லை.
- 16, 18, 21 வயது: திரையரங்கில் முறையே என்சி16, எம்18, ஆர்21 படங்கள்.
- 18 வயது: மதுபானம் வாங்க.
- 21 வயது: சிகரெட் வாங்க. முன்பு 18ஆக இருந்தது. 2019இலிருந்து ஆண்டுக்கு ஒரு வயதாக உயர்த்தி, 2021 ஜனவரி 1 முதல் 21 ஆக்கப்பட்டது.
- 60 வயது: பேருந்து, ரயிலில் மூத்தோர் சலுகைக் கட்டணம்.

கடைக்காரர் ஐசி கேட்டால் உங்களை அவமதிக்கிறார் என்று அர்த்தமில்லை. வயது குறைந்தவருக்கு சிகரெட் விற்றால் அபராதம் மட்டுமல்ல, விற்பனை உரிமமே பறிபோகலாம். முகத்தை நம்பி அந்த ஆபத்தை அவர் ஏன் எடுக்க வேண்டும்?

இயந்திரம் சரியாகச் சொல்லுமா?

படத்தைப் பார்த்து வயதை ஊகிக்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. பிள்ளைகளுக்குப் பொருந்தாத செயலிகள் அவர்கள் கைக்குப் போகாமல் இருக்க, வயதை உறுதிப்படுத்தும் நடைமுறைகள் தேவை என்கிறது செயலித் தளங்களுக்கான சிங்கப்பூரின் இணையப் பாதுகாப்பு விதிமுறை. 2025 மார்ச் 31 முதல் அது நடப்பில் இருக்கிறது.

ஆனால் இயந்திரமும் தவறும். அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள், தொழில்நுட்பக் கழகம் 2024இல் ஆறு மென்பொருள்களைச் சோதித்தது. பெண்களின் முகங்களில் தவறு பெரும்பாலும் அதிகமாக இருந்தது. பிறந்த வட்டாரத்தைப் பொறுத்தும் துல்லியம் மாறியது. மனிதனைப் போலவே, பழகாத முகத்தைக் கண்டால் அதுவும் தடுமாறும்.

வேலையிடத்தில்தான் உண்மையான வலி

இளமையாகத் தெரிவது எல்லாருக்கும் வரம் அல்ல. "நீங்கதான் டீச்சரா? ஸ்டூடண்ட்னு நினைச்சேன்" என்பது முதல்முறை கேட்கும்போது இனிக்கும். பத்தாவது முறை, பெற்றோர் சந்திப்பில் கேட்கும்போது இனிக்காது. சொல்வதற்கு எடை இல்லாமல் போகிறதோ என்று தோன்றும்.

மறுபக்கம், ஐம்பதுகளில் வேலை தேடுவோர். நேர்முகத் தேர்வுக்கு முன் முடிக்குச் சாயம் அடித்துக்கொள்வது அழகுக்காக மட்டும் இல்லை. "இவரால் புதுசா கத்துக்க முடியுமா?" என்ற கேள்வி, அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எதிரில் இருப்பவர் மனத்தில் ஓடலாம் என்ற பயம்.

இதற்குச் சட்டமும் வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், பாகுபாட்டிலிருந்து பாதுகாக்கும் அம்சங்களில் வயதையும் சேர்த்திருக்கிறது. ஓய்வுபெறும் வயதும் 63இலிருந்து 64ஆக 2026 ஜூலை 1 முதல் உயர்கிறது. மறுவேலைவாய்ப்பு வயது 69 ஆகிறது. நரைத்த முடியோடு நம் பக்கத்து மேசையில் உட்காருவோர் இனிக் கூடுவார்கள். ஒருநாள் அது நாமாகவும் இருப்போம்.

சரி, என்ன செய்யலாம்?

- வெளியே கிளம்பும் முன் சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், யுவிஏ கதிரையும் தடுக்கும் வகை. ஆஸ்திரேலியாவில் 903 பேரிடம் நான்கரை ஆண்டுகள் நடத்திய ஆய்வில், தினமும் தடவியவர்களின் தோல் முதுமை மற்றவர்களைவிட 24 விழுக்காடு குறைவாக இருந்தது.
- நண்பகல் வெயிலில் குடை. "ஆம்பள குடை பிடிக்கலாமா?" என்று யோசிக்காதீர்கள். தோலுக்கு ஆண் பெண் தெரியாது.
- புகை வேண்டாம். தூக்கத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.
- கருமையோ நரையோ திடீரென வந்தால், கிரீம் அல்ல, மருத்துவர்.

கடைசியாக ஒன்று. பார்த்த மாத்திரத்தில் "அங்கிள்", "ஆன்ட்டி" என்று அழைப்பது நம் ஊரில் மரியாதைதான். இருந்தாலும் சந்தேகம் வந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். ஆன்ட்டியா அக்காவா என்று தெரியவில்லையா? அக்கா என்றே கூப்பிடுங்கள். அவருடைய நாள் நன்றாகப் போகும்.

உங்களை யாராவது வயதுக்கு மீறி அழைத்துவிட்டாலும், அது இரண்டு விநாடியில் எடுத்த ஊகம் மட்டுமே. உங்கள் உண்மையான வயது ஐசியில் பத்திரமாக இருக்கிறது.