தடுப்பூசிக் குளிர் சங்கிலி

தடுப்பு மருந்தைத் தொழிற்சாலையிலிருந்து குழந்தையின் கை வரை, பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைத்துக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு குளிர் சங்கிலி எனப்படும். தலைநகரின் குளிர் அறை, மாவட்டக் கிடங்கு, சுகாதார நிலைய ஃபிரிட்ஜ், செவிலியர் தோளில் தொங்கும் ஐஸ் பெட்டி ஆகியவை இதன் கண்ணிகள். புதிய தடுப்பூசி ஓர் ஏழை நாட்டுக்குள் எப்போது நுழையும் என்பதை விலைக்கு அடுத்தபடி தீர்மானிப்பது இந்தப் பெட்டிகளின் கொள்ளளவே.

ஃபிரிட்ஜ் வருவதற்கு முன்பு மனித உடலே பெட்டியாக இருந்தது. 1803இல் ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் குடியேற்றங்களுக்குப் பெரியம்மைத் தடுப்புப் பாலை எடுத்துச் சென்ற பால்மிஸ் குழு, 22 அநாதைச் சிறுவர்களைக் கப்பலில் ஏற்றியது. ஒருவன் கைக் கொப்புளத்திலிருந்து அடுத்தவன் கைக்கு மாற்றி மாற்றியே மருந்து கடலைக் கடந்தது. சிறுவர்களின் சம்மதத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1950களில் ஆய்வாளர் லெஸ்லி கோலியர் உறையவைத்து உலர்த்திய மருந்தை உருவாக்கியபின் வெப்ப நாடுகளிலும் அது தாக்குப்பிடித்தது; பெரியம்மை ஒழிப்புக்கு இது பெரிதும் கைகொடுத்தது.

மற்ற மருந்துகள் அவ்வளவு உறுதியானவை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1974இல் விரிவான தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியபோது, காசநோய், தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி, இளம்பிள்ளை வாதம், தட்டம்மை ஆகிய ஆறுக்குமான மருந்துகளை மின்சாரம் எட்டாத ஊர்களுக்கும் குளிரோடு அனுப்ப வேண்டியிருந்தது. மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜுகள் வந்தன. எல்லோரும் வெப்பத்துக்கே அஞ்சினார்கள். ஆனால் உறைபனியும் மருந்தைக் கெடுத்தது. அலுமினிய உப்பு கலந்த முத்தடுப்பு மருந்து உறைந்தால் வீரியம் இழக்கும், பார்வைக்கு மருந்தாகவே இருக்கும். குப்பியைக் குலுக்கி வைத்து, வண்டல் எவ்வளவு விரைவாகப் படிகிறது என்று பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். வெப்பத்தைக் காட்டிக்கொடுக்க 1996இல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் நிறம் மாறும் சிறு சதுரம் ஒட்டப்பட்டது. சதுரம் சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைக் கொட்டிவிட வேண்டும். இத்துறையின் மிகச் சிக்கனமான கண்டுபிடிப்பு இதுவே எனலாம்.

1980களில் பணக்கார நாடுகளுக்குக் கிடைத்த ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, ஏழை நாடுகளில் பரவலானது அவற்றுக்குத் தடுப்பூசி வாங்க உதவும் காவி கூட்டமைப்பு 2000இல் உருவான பிறகுதான். அதையும் உள்ளடக்கிய, ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் மருந்து, காவி ஆதரித்த 73 நாடுகளில் கடைசியாகத் தென் சூடானுக்கு 2014இல் போய்ச் சேர்ந்தது. அதற்குள் இடநெருக்கடி வந்துவிட்டது. பழைய மருந்துகள் பத்து டோஸ் குப்பியில் அடங்கின. 2009இல் ருவாண்டா நிமோனியா தடுப்பூசியை அறிமுகப்படுத்தியபோதோ, ஒவ்வொரு டோசும் தனி ஊசிக்குழலில் வந்தது. குளிரிடத்தை விரிவாக்காமல் அதை வைக்க வழியில்லை. பெரிய குப்பிக்கும் தொல்லை உண்டு. திறந்த தட்டம்மைக் குப்பியை ஆறு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால், ஒரே குழந்தை வந்தால் செவிலியர் அதை உடைக்கத் தயங்குகிறார். தாயிடம் அடுத்த வாரம் வரச் சொல்கிறார்.

குளிரின் பிடியைத் தளர்த்திய மருந்தும் உண்டு. 1996–97இல் ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியில் சுமார் 25,000 பேரைக் கொன்ற மூளைக்காய்ச்சலுக்கு எதிராக, புனேயின் சீரம் நிறுவனம் அரை டாலருக்கும் குறைவான விலையில் மென்ஆஃப்ரிவாக் தயாரித்தது. 2010 டிசம்பரில் புர்கினா ஃபாசோவில் தொடங்கிய அது, 40 டிகிரி வரையிலான வெப்பத்தில் நான்கு நாள் ஐஸ் இல்லாமல் பயணிக்க 2012இல் அனுமதி பெற்று, பெனினில் அப்படியே பயணித்தது. எபோலா தடுப்பூசிக்கோ மைனஸ் 60 டிகிரிக்கும் கீழான குளிர் தேவை. காங்கோவில் அதையும் கொண்டுசேர்த்தார்கள்.

மலேரியாவின் முதல் தடுப்பூசி ஆர்டிஎஸ்,எஸ், தூள் ஒரு குப்பி, கரைசல் ஒரு குப்பி என இணையாக வந்தது. இரண்டுக்கும் குளிரிடம் வேண்டும். அடுத்து வந்த ஆர்21 ஒரே குப்பி. 2024 ஜூலையில் அதை முதலில் தொடங்கிய நாடுகள் ஐவரி கோஸ்டும் தென் சூடானும்.