பிரென் துப்பாக்கி – நிறைகளும் குறைகளும்

இரண்டாம் உலகப் போரில் இந்தியச் சிப்பாய்களோடு பர்மா காடுகளுக்கும் இத்தாலி மலைகளுக்கும் போன இயந்திரத் துப்பாக்கி பிரென். பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது. செக்கோஸ்லோவாக்கியாவின் ப்ர்னோ நகரில் வாக்லாவ் ஹோலெக் வடிவமைத்த துப்பாக்கிதான் இதன் மூலம். பிரிட்டன் அதைத் தன் .303 தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி, 1937 முதல் என்ஃபீல்டு தொழிற்சாலையில் தயாரித்தது. ப்ர்னோவும் என்ஃபீல்டும் சேர்ந்து ப்ரென்!

இந்திய ராணுவம் அதற்கு முன்பே, 1933ல், விக்கர்ஸ்-பெர்த்தியர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்து ஈஷாப்பூரில் தயாரித்து வந்தது. போர்க்காலத்தில் பிரென் மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது.

நிறைகள்

முதல் நிறை, நம்பகத்தன்மை. சேறு, மணல், மழை எதிலும் எளிதில் மக்கர் செய்யாது. அழுக்கு சேர்ந்தால் வாயு அளவைக் கூட்டிக்கொள்ள நான்கு நிலைகள் உண்டு. தொடர்ந்து சுட்டால் குழல் பழுக்கக் காயும். ஏறத்தாழ பத்து மேகசின் தீர்ந்ததும் கைப்பிடியைப் பிடித்துச் சில விநாடிகளில் வேறு குழல் மாட்டிவிடலாம்.

இரண்டாவது, எடை சுமார் 10 கிலோதான். இருவர் இயக்க வேண்டிய துப்பாக்கி என்றாலும், அவசரத்துக்கு ஒருவரே தூக்கிச் சுடலாம். 1944 ஏப்ரல் 6 அன்று இம்பாலுக்கு வடக்கே ஜமேதார் அப்துல் ஹபீஸ் அதைத்தான் செய்தார். காலில் குண்டடி பட்ட நிலையிலும், காயமடைந்த வீரரின் பிரென்னை எடுத்துச் சுட்டபடி முன்னேறினார். மார்பில் குண்டு பாய்ந்து விழுந்தபோதும் துப்பாக்கியை விடவில்லை. மறைவுக்குப் பின் அவருக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

குறைகள்

மேகசினில் 30 தோட்டாதான். அதையும் முழுதாக நிரப்ப மாட்டார்கள்! .303 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டினால் துப்பாக்கி நின்றுவிடும். அதனால் 28 தோட்டா போடுவதே வழக்கம். ஜெர்மனியின் எம்.ஜி. 42 பெல்ட்டில் நிமிடத்துக்கு 1200 தோட்டா சுட்டபோது, பிரென்னின் வேகம் சுமார் 500. அதுவும் மேகசின் மாற்றும் நேரத்தைக் கழிக்காமல்.

மேகசின் துப்பாக்கியின் தலைமேல் நிற்பதால் குறிபார்க்கும் கருவி இடப்பக்கம் தள்ளி இருக்கும். எனவே வலது தோளில் வைத்து மட்டுமே சுட முடியும். ஆனால் படுத்துச் சுடும்போது அருகிலிருப்பவர் மேகசினை எளிதாக மாற்ற இதே அமைப்புதான் உதவியது.

பிறகு நடந்தது

சுதந்திரத்துக்குப் பின் பிரென் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றப்பட்டது. அதில் துருத்தும் விளிம்பு இல்லை. பழைய சிக்கலும் தீர்ந்தது. குறை துப்பாக்கியில் அல்ல, தோட்டாவில் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் 30 தோட்டா என்ற வரம்பு தொடர்ந்தது. அடுத்து வந்த இன்சாஸ் இலகு இயந்திரத் துப்பாக்கிக்கும் மேகசின்தான், பெல்ட் இல்லை. 2020 மார்ச்சில் இஸ்ரேலின் நெகேவ் துப்பாக்கிகள் 16,479 வாங்க 880 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. அது பெல்ட்டில் சுடுவது. எதிரியைத் தலைதூக்க விடாமல் வைத்திருக்க வேண்டிய துப்பாக்கி, ஒவ்வொரு 30 தோட்டாவுக்கும் ஒருமுறை மௌனமானால், அந்த இடைவெளியில் ஆபத்து முன்னேறிச் செல்லும் சிப்பாய்க்குத்தான்.